வேனுக்குக் கரண்ட் இழுக்கும் முன் வளவு மண்ணைப் பாருங்கள்

வளவில் நிறுத்தும் கேம்பர் வேனுக்குத் தனியாக ஒரு கரண்ட் லைன் இழுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், பேச்சு உடனே அம்பியரில்தான் தொடங்குகிறது. 16 போதுமா, 32 போடலாமா, வெளிநாட்டில் 50 போடுகிறார்களே என்று. அம்பியர் கணக்கு தேவைதான், அதையும் கீழே பார்ப்போம். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் அந்த வேனைத் தொடுகிறவரின் உயிரைக் காப்பது வேறு இரண்டு விஷயங்கள்: எர்த் கம்பி எந்த மண்ணில் போய் முடிகிறது, கசிவு வந்தால் எது எவ்வளவு வேகமாக வெட்டுகிறது. இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேனைப் பற்றி. இங்கே மோட்டார்ஹோம் என்றால் பெரும்பாலும் டொல்பின் வேன், இல்லாவிட்டால் ரோசா, கோஸ்டர் மாதிரி சின்ன பஸ், உள்ளே கட்டில், சின்னக் குசினி, ஏசி. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆசைப்பட்டவர்களுக்கு இருந்த வண்டியைக் கேம்பராக மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பையில் சீசன் தொடங்கினால் இப்படிப்பட்ட வண்டிகள் வரும், பாசிக்குடாவுக்கும் வரும். சொந்தமாக வேன் வைத்திருப்பவருக்கு வீட்டில் ஒரு லைன் வேண்டும், விடுதி நடத்துகிறவருக்கு வளவுக்குள் இரண்டு மூன்று வண்டிக்கு வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். 12,000 பிடியு ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1.2 கிலோவாட் இழுக்கும். இண்டக்ஷன் அடுப்பு 2 கிலோவாட், கேத்தல் இன்னொரு 2, பற்றரி சார்ஜர் 0.7 அளவில், ஃபிரிட்ஜ் சொற்பம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 6 கிலோவாட். ஆனால் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. இரவு முழுக்க ஏசியும் சார்ஜரும் ஃபிரிட்ஜும் ஓடினால் 2 கிலோவாட்தான். 230 வோல்டில் 16 அம்பியர் என்றால் 3,680 வாட், ஆகவே சமையலை கேஸில் வைத்துக்கொண்டால், அல்லது அடுப்பு எரியும் அரை மணி நேரம் ஏசியை நிறுத்தினால், 16 அம்பியர் லைன் தாராளம். 32 அம்பியர் என்றால் 7,360 வாட். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீடுகளுக்கு மின்சார சபை கொடுத்திருப்பது பொதுவாக 30 அம்பியர் சிங்கிள் பேஸ், அதாவது முழு வீட்டுக்குமே 6,900 வாட். வேனுக்கு அதைவிடப் பெரிய சொக்கெட் பொருத்தி என்ன பயன்? கிணற்று மோட்டரும் அயன் பெட்டியும் ரைஸ் குக்கரும் ஓடுகிற ஆறு மணிக்கு மெயின் விழும், அவ்வளவுதான். உண்மையில் 16 ஐவிடக் கூடத் தேவைப்படுகிறவர் த்ரீ பேஸுக்கு விண்ணப்பித்து ஒரு பேஸை வேனுக்கு விடுவதுதான் சரி. இரண்டு மூன்று வண்டி நிறுத்தும் விடுதிக்கு அது இல்லாமல் முடியாது.

அந்த 50 அம்பியர் கதை எங்கிருந்து வருகிறது என்றால் அமெரிக்கா, கனடா. கனடாவில் இருக்கும் மச்சான் தன் வீட்டு முற்றத்தில் போட்டதைப் படம் பிடித்து அனுப்புவார், யூடியூபிலும் அதுதான் நிறைய. அங்கே வீட்டுக்கு வருவது 120/240 வோல்ட்: இரண்டு லைவ் (கரண்ட் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி). 50 அம்பியர் சொக்கெட்டுக்கு நாலு முள், ஒவ்வொரு லைவிலும் 120 வோல்டில் 50 அம்பியர், மொத்தம் 12,000 வாட். அவர்களுடைய 30 அம்பியர் சொக்கெட்டோ வெறும் 120 வோல்ட், 3,600 வாட்தான், எங்கள் 16 அம்பியரைவிடக் கொஞ்சம் குறைவு. அம்பியரை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஜப்பானிலிருந்து கேம்பராகவே இறங்கும் வண்டியில் இன்னொரு ஆபத்து: அதன் வெளி இணைப்பு 100 வோல்டுக்குச் செய்தது. எங்கள் 230 ஐ அதில் நேரே கொடுத்தால் சார்ஜரும் ஃபிரிட்ஜும் அன்றைக்கே கருகும். உள்ளே இருக்கிற சாதனங்களின் தகட்டைப் பார்க்க வேண்டும், 100 என்று இருந்தால் தக்க அளவுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போர்மர் வைக்க வேண்டும் அல்லது உள் வயரிங்கை மாற்ற வேண்டும்.

வோல்ட் வித்தியாசத்தைவிட மோசமான வித்தியாசம் எர்த்தில் இருக்கிறது. வட அமெரிக்க வீடுகளில் மெயின் பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டுவார்கள். அதனால் வண்டியின் தகரத்தில் லைவ் பட்டால் கரண்ட் நல்ல தடித்த கம்பி வழியாகவே திரும்பி ஓடும், பல நூறு அம்பியர் பாயும், பிரேக்கர் உடனே வெட்டும். இலங்கையில் அப்படியில்லை. மின்சார சபை எங்களுக்குத் தருவது லைவும் நியூட்ரலும் மட்டும்தான். எர்த் என்பது எங்கள் வளவில் நாங்களே அடிக்கிற செப்புப் பூச்சுக் கம்பி. கசிகிற கரண்ட் எங்கள் மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்போர்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம், ஏனென்றால் முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. உங்கள் எர்த் கம்பியின் தடை 100 ஓம் என்று வையுங்கள், டிரான்ஸ்போர்மர் பக்கம் 10 ஓம். வேனுக்குள் ஒரு வயர் உராய்ந்து தகரத்தில் லைவ் படுகிறது. 230 ஐ 110 ஆல் வகுத்தால் 2.1 அம்பியர். 16 அம்பியர் எம்சிபிக்கு, அதாவது பிரேக்கருக்கு, 2.1 அம்பியர் என்பது ஒரு சின்ன பல்ப் கூட்டம் எரிகிற மாதிரி, அது விழவே விழாது. ஆனால் அந்த நேரம் வேனின் முழுத் தகரமும் மண்ணோடு ஒப்பிட 200 வோல்டுக்கு மேல் நிற்கிறது. வண்டி நிற்பது ரப்பர் டயரில், ஆகவே அது தானாக மண்ணில் இறங்கவும் இறங்காது. கடலில் இருந்து வருகிறவர், உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர், வெறுங்கால் ஈர மணலில், கதவுப் பிடியைப் பிடிக்கிறார். உடம்பின் தடையை 1,000 ஓம் என்று எடுத்தால் அவருக்குள்ளால் 200 மில்லி அம்பியர் பாயும். ஆளைக் கொல்ல அதில் ஒரு பங்கு போதும்.

இங்கே காப்பாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். அது லைவில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டும். மேலே சொன்ன 2.1 அம்பியர் கசிவு வந்தால் 40 மில்லி செக்கனுக்குள் வெட்டிவிடும், ஆள் கதவைத் தொடுவதற்கு முன்பே. ஆனால் கசிவு பாய்வதற்கு ஒரு பாதை வேண்டும், அதுதான் எர்த். எர்த் கம்பி அறுந்திருந்தால் வேன் லைவாகவே காத்திருக்கும், முதல் ஆள் தொடும்போதுதான் கசிவு பாயும், அவர் உடம்பு வழியாக. அப்போதும் ட்ரிப் விழும், ஆனால் அடி வாங்கியபின்.

ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறது என்று கண்டால் எர்த்தும் சரி என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே லைவிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு சின்னத் தடை வழியாகக் கசிவு மாதிரி காட்டுகிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும். பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், சுவிட்ச் இறுகிப் போகாமல் இருக்க அது நல்லது, ஆனால் எர்த்தை அளக்க மீற்றர் வேண்டும்.

சரி, மண்ணுக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக இருக்கும் எழுவான்கரை முழுக்க மணல். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, பொத்துவில் வரை வளவைத் தோண்டினால் மணல்தான் வரும். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. 16 மில்லிமீற்றர் தடிப்பில் 1.2 மீற்றர் கம்பியை ஈரமான தோட்ட மண்ணில் அடித்தால் கணக்குப்படி 70 ஓம் அளவில் வரும். அதே கம்பி பத்து மடங்கு தடையுள்ள காய்ந்த மணலில் 700 ஓம். 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்கு ஏட்டில் 1,667 ஓம் வரை ஏற்கும், ஆனால் நாங்கள் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதி, பிஎஸ் 7671, 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த்தை நம்ப முடியாது என்கிறது, காரணம் அது இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று.

எங்கள் பக்கத்தில் அந்த அடுத்த மாதம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை மேல்மண் பொடியாகக் காயும், கிணற்றுத் தண்ணீர் கீழே போகும். மாரியில் வந்து அளந்து 80 ஓம் என்று எழுதிக் கொடுத்த எர்த், ஆகஸ்டில் எத்தனை என்று யாரும் பார்ப்பதில்லை. அறுகம்பையில் அலைச்சறுக்குச் சீசன் நடப்பதும் அதே மாதங்களில்தான். வேன்கள் வருவதும், ஏசி இரவு முழுக்க ஓடுவதும், ஆட்கள் ஈர உடம்போடு வெறுங்காலில் நடப்பதும், எர்த் ஆகக் கெட்டுப் போவதும் ஒரே காலத்தில் நடக்கிறது. வேறு எந்த ஊருக்கு எழுதிய கையேட்டிலும் இது இருக்காது, எங்கள் வேலையை நாங்கள்தான் கோடைக்குக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும்.

வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. உங்கள் கிணற்றில் கோடையின் கடைசியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள், எர்த் கம்பி அந்த மட்டத்தைத் தாண்டி இறங்க வேண்டும். மணலில் அடிப்பது சுகம், ஒன்றோடு ஒன்று பூட்டும் கம்பிகளை அடுத்தடுத்து இறக்கலாம். ஆழம் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று கம்பியை, குறைந்தது கம்பியின் நீளத்துக்காவது இடைவெளி விட்டு, அடித்து இணைக்க வேண்டும். கிட்டக் கிட்ட அடித்தால் பலன் இல்லை. சிலர் குழிக்குள் உப்பும் கரியும் போடுவார்கள். முதல் மாரியில் உப்பு கழுவிக்கொண்டு போகும், போகும்வரை கம்பியை அரிக்கும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பெண்டனைற்று களி கிடைத்தால் அதைப் போடுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் களி மண், அங்கே எர்த் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கோடையில் நிலம் வெடித்துக் கம்பியைவிட்டு விலகும், ஆகவே ஆழம் அங்கேயும் வேண்டும்.

ஏற்கனவே எர்த் இருக்கிறதே என்பவர்கள் போய் அந்தச் சின்ன சீமெந்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: கம்பியின் தலையில் பித்தளைக் கிளாம்ப், அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, திருகு துருப்பிடித்துத் தலை உதிர்ந்து போயிருக்கும், பச்சையும் மஞ்சளுமான வயர் கிளாம்புக்குள் இருப்பது போலத் தெரியும், விரலால் மெல்ல இழுத்தால் கையோடு வரும். மெயினை நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி, உள்ளே தொடர்பு இல்லை. புதுக் கிளாம்ப் போட்டு, செப்பைப் பளபளவென்று தேய்த்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசினால், அல்லது வசலின் மாதிரி மெழுகு ஊறிய பெற்றோலேற்றம் நாடா சுற்றினால், உப்புக் காற்று நெருங்க நாளாகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, அல்லது எர்த் கிடைக்கவில்லை என்பதற்காக, நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். தெருவில் நியூட்ரல் வயர் காற்றுக்கு அறுந்தால் வேனின் முழுத் தகரமும் லைவாகும். இங்கிலாந்தில் மின் கம்பனியே நியூட்ரலோடு சேர்ந்த எர்த்தைக் கொடுக்கிற வீடுகள் ஏராளம், ஆனால் கரவன் நிறுத்துமிடங்களில் அந்த எர்த்தை வண்டிக்குக் கொடுக்கக் கூடாது, தனிக் கம்பி அடிக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் ஏற்கனவே இருப்பது அந்தத் தனிக் கம்பி முறைதான், அதை ஒழுங்காகச் செய்தால் போதும்.

ட்ரிப் சுவிட்சை எங்கே வைப்பது என்பதிலும் பலர் வீட்டுக்காரரைக் கஷ்டப்படுத்துகிறார்கள். வீட்டில் மெயின் ஐசொலேற்றருக்கு (முழு வீட்டையும் நிறுத்தும் பெரிய சுவிட்சுக்கு) பிறகு ஒரு ட்ரிப், அதன் பின்னால் எல்லா எம்சிபியும். வேனின் லைனையும் அதற்குப் பின்னால் எடுத்தால், சார்ஜரும் இன்வேர்ட்டரும் இயல்பாகவே கசிய விடும் சில மில்லி அம்பியரும் வீட்டின் கசிவோடு கூடி, நடு இரவில் முழு வீடும் இருளும். ஐசொலேற்றருக்குப் பிறகு, வீட்டு ட்ரிப்புக்கு முன்பாகவே வேனுக்குத் தனி லைன் எடுத்து, அதற்கென்று எம்சிபியும் 30 மில்லி அம்பியர் ட்ரிப்பும் சேர்ந்த ஆர்சிபிஓ ஒன்றைப் போடுவதுதான் நல்லது. வாங்கும்போது ‘டைப் ஏ’ என்று கேளுங்கள். சாதாரண ‘டைப் ஏசி’ ட்ரிப், சார்ஜர் மாதிரி இலெக்ரோனிக் சாதனத்திலிருந்து வரும் துடிப்புக் கசிவைப் பிடிக்காமல் விடலாம். ஒன்றுக்கு மேல் வண்டி நிற்கும் இடத்தில் ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் தனித்தனி ட்ரிப்.

கேபிள் விஷயம் தூரத்தைப் பொறுத்தது. மீற்றர் பெட்டி முன்பக்கம், வேன் நிற்பது தென்னைக்கு அப்பால் பின்வளவில், 30 மீற்றர் என்று வையுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில், கடையில் 7/0.67 என்று கேட்பீர்களே அதுதான், 16 அம்பியர் போனால் வழியிலேயே 8.6 வோல்ட் விழும். 6 சதுர மில்லிமீற்றர், அதாவது 7/1.04 போட்டால் 3.5 வோல்ட்தான். சபை தர வேண்டியது 230 இல் 6 சதவீதம் கூடக் குறைய, கீழ் எல்லை 216. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் அந்த எல்லைக்குக் கிட்டப் போவது புதிதில்லை, அதிலிருந்து இன்னும் 8 போனால் ஏசி கொம்பிரசர் ஸ்டார்ட் எடுக்க முக்கும், சூடேறும். ஆகவே கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கவசக் கேபிளை, இல்லாவிட்டால் சாதாரணக் கேபிளைக் கொண்டியூற்றுக் குழாய்க்குள் போட்டு, இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள், மேலே எச்சரிக்கை நாடா போடுங்கள், போன பாதையைப் படம் பிடித்து வையுங்கள். தென்னைக்குக் குழி வெட்டுகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

சொக்கெட் வீட்டில் இருக்கும் 13 அம்பியர் சதுர முள் பிளக் ஆகாது. ஏசியை இரவு முழுக்க அதில் ஓட்டிய பிளக்கைக் காலையில் கழற்றிப் பார்த்தால் லைவ் முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கலாம், பியூஸ் பிடிக்கிற கிளிப் இளகியிருக்கலாம், மீன் கருவாடு மாதிரி ஒரு மணம் வரலாம். அது சில மணி நேரம் மட்டும் முழுச் சுமை தாங்குவதற்கென்று செய்த சாமான். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீல் இன்னும் மோசம், சுருளுக்குள் சூடு வெளியேறாது, ஓடவிட்டால் முழுவதையும் விரித்துத்தான் ஓடவிட வேண்டும். ஐரோப்பாவில் கரவனுக்குப் போடும் நீல நிற மூன்று முள் 16 அம்பியர் சொக்கெட், ஐஇசி 60309, தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மூடி உள்ளது, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், முள் தடிப்பானது. வேனுக்குப் போகும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், ரப்பர் உறை, 25 மீற்றருக்குள். சொக்கெட்டை அரை மீற்றரிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்துக்குள் வைக்கச் சொல்கிறது விதி. வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள், மேல் எல்லையிலேயே வையுங்கள்.

வேனுக்குள் இன்வேர்ட்டரோ ஜெனரேற்றரோ இருந்தால், அதுவும் வீட்டு லைனும் ஒருபோதும் ஒன்றாகச் சேராதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இடி மின்னல் காலத்தில், ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும், வானம் கறுத்தால் வயரைக் கழற்றிவிடுவதை விடச் சிறந்த பாதுகாப்பு இல்லை.

பில்லையும் யோசியுங்கள். ஏசி ஓடும் ஒரு இரவுக்கு 6 முதல் 8 யூனிட் போகும், மாதம் முழுக்க ஓடினால் 200 ஐ எட்டும். வீட்டுக் கட்டணத்தில் 180 யூனிட்டுக்கு மேல் போகும் ஒவ்வொன்றும் ஆகக் கூடிய விலையில். விருந்தினர் வண்டிக்குக் காசு வாங்கிக் கரண்ட் கொடுப்பவர் வீட்டு இணைப்பில் அதைச் செய்யாமல், எந்தக் கட்டண வகைக்கு மாற வேண்டும் என்று சபையின் பகுதி அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்வது பின்னால் வரும் தலையிடியைத் தவிர்க்கும்.

வேலையைத் தகுதிச் சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனிடமே கொடுங்கள், அப்புறம் காசு கொடுக்கும் முன் மூன்று இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்: எர்த்தின் தடை எத்தனை ஓம், ட்ரிப் எத்தனை மில்லி செக்கனில் விழுந்தது, ஏசியை முழுதாக ஓடவிட்டு வேனுக்குள் அளந்தபோது எத்தனை வோல்ட். அளக்கும் கருவி தன்னிடம் இல்லை என்பவர் அதை வாடகைக்காவது எடுத்து வரட்டும். மாரியில் செய்த வேலையென்றால், ஆகஸ்டில் ஒருமுறை வந்து எர்த்தைத் திரும்ப அளந்து தருவதையும் அதே கூலிக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.